8,717 கோடியைத் தாண்டும் எண்... அதற்குள் ஒளிந்திருக்கும் 23! 'பிள்ளை பகா எண்' என்றால் என்ன?

நெல்லை இருட்டுக்கடை முன்னாடி அல்வாவுக்காக 14 பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளை மாற்றி மாற்றி நிறுத்தினால் எத்தனை விதமான வரிசை வரும்? லட்சம் எல்லாம் இல்லை... 8,717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 200! 1 முதல் 14 வரை உள்ள எண்களை வரிசையாகப் பெருக்கினால் வரும் விடை இது. கணக்கில் இதற்குப் பெயர் ஃபேக்டோரியல்.

இதோடு 1 கூட்டினால் 87178291201. இந்த எண்ணை 23ஆல் வகுத்தால் மீதியே வராது, விடை 3790360487. செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம்.

இதில் என்ன விசேஷம்?

ஒரு பகா எண்ணுக்கு முந்தைய எண் வரை பெருக்கி 1 கூட்டினால், அந்தப் பகா எண்ணால் வகுபடும். இது வில்சன் தேற்றம். உதாரணம் 7. 6 வரை பெருக்கினால் 720, ஒன்று கூட்டினால் 721. அது 7 x 103. அந்தக் கணக்குப்படி 23க்கு 22 வரை போக வேண்டும். ஆனால் 14லேயே வேலை முடிந்துவிடுகிறது!

இன்னொரு விஷயமும் இருக்கு. 5 வரை பெருக்கி 1 கூட்டினால் 121, அதாவது 11 x 11. 11ல் ஒன்றைக் கழித்தால் 10, அது 5ஆல் வகுபடும். 6க்கும் 7க்கும் இதே கதைதான். எப்பவுமே இப்படித்தான் போலன்னு தோணும். ஆனால் 8ல் உடைகிறது: 40321 = 61 x 661. 60ஐ 8ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. 23ம் அதே ரகம், 22ஐ 14 வகுக்காது. இப்படி ஒழுங்கை மீறும் பகா எண்களே 'பிள்ளை பகா எண்கள்'. இதில் மிகச் சிறியது 23. அடுத்து 29, 59, 61...

யார் அந்தப் பிள்ளை?

எஸ்.எஸ்.பிள்ளை. 1901ல் குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் கரைச் சீமை. பள்ளிக் காலத்திலேயே பெற்றோரை இழந்தவருக்கு ஆசிரியர் ஒருவர் கைகொடுத்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணி. 1940ல் அவர் நிரூபித்தது உலக அளவில் பேசப்பட்டது: எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத 73 எண்கள் போதும். 703க்கு அந்த 73ம் தேவை, பத்து 64, அறுபத்து மூன்று 1.

1729 என்றதும் ராமானுஜன் பெயரைச் சொல்லும் நமக்கு, 23 என்றால் பிள்ளை ஞாபகம் வருவதில்லை.

1950ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் நடந்த சர்வதேச கணித மாநாட்டுக்குக் கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 49.

பிள்ளை பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்பதைப் பின்னாளில் எம்.வி.சுப்பாராவ், பால் எர்டிஷ் ஆகியோர் நிரூபித்தனர்.