முட்டையை வேண்டாம் என்னும் குழந்தை

சத்துணவு வரிசையில் ஒரு குழந்தை முட்டையை வேண்டாம் என்றால் நாம் அதை அடம் என்றே எடுத்துக்கொள்கிறோம். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கெங்கவல்லி வட்டாரத்தில் முட்டை அவ்வளவு பழகிய உணவு. பெரும்பாலும் நம் கணிப்பு சரியாகவும் இருக்கும். வாடை பிடிக்காமல் இருக்கலாம். வீட்டில் அசைவம் சமைக்காதவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு வாழைப்பழம் இருக்கிறது. ஆனால் “சாப்பிட்டா வாயெல்லாம் அரிக்குது டீச்சர்” என்று ஒரு குழந்தை சொன்னால், அதை அடத்தோடு சேர்க்கக் கூடாது.

உணவு ஒத்துக்கொள்ளாதது எல்லாம் ஒவ்வாமை அல்ல. பால் குடித்ததும் வயிறு உப்பிப் பேதியாவது பெரும்பாலும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வருவது. தொந்தரவுதான், உயிருக்கு ஆபத்தில்லை. கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கிறது என்று பலர் சொல்வார்கள். மைசூருவில் இதை ஆராய்ந்தவர்கள், அக்காயிலேயே உள்ள ஹிஸ்டமின் போன்ற பொருள்கள்தான் பலருக்குக் காரணம், உண்மையான ஒவ்வாமை சிலருக்கே என்று கண்டார்கள்.

உண்மையான ஒவ்வாமையில் நோய் எதிர்ப்பு மண்டலம் உணவிலுள்ள புரதத்தை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. ஒரு வகை, சில மணி நேரம் கழித்து வாந்தி, பேதி எனக் குடலில் தெரியும், கைக்குழந்தைகளிடம் அதிகம். மற்றொரு வகை ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளால் வருவது. சாப்பிட்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். பள்ளியில் நாம் அஞ்ச வேண்டியது இதைத்தான். முட்டை, பால் ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடும். நிலக்கடலை, மீன், இறால் ஒவ்வாமை பெரும்பாலும் நீடிக்கும். கொண்டைக்கடலையும் நம் நாட்டில் முக்கியமான ஒன்று என்று மும்பை மருத்துவர்கள் 2001-லேயே எழுதினார்கள். சத்துணவில் கொண்டைக்கடலை வருவதால் சத்துணவு அமைப்பாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 26.5 சதவீதம். சாப்பிட்டால் உண்மையிலேயே ஒவ்வாமை வரக்கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டவர்களோ 1.2 சதவீதம்தான். பள்ளிக் குழந்தைகளிடம் இது இன்னும் குறைந்து 0.14 சதவீதம்.

இந்த இடைவெளி முக்கியம். லேப்பில் ஒரே ரத்தப் பரிசோதனையில் பல உணவுகளுக்கு எதிர்ப்பொருள் பார்த்து, நீண்ட பட்டியலோடு வரும் பெற்றோர் இப்போது உண்டு. அதைப் பார்த்து முட்டை, பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினால் குழந்தை மெலிவதுதான் மிச்சம். குழந்தை என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்று ஆசிரியர் குறித்துக் கொடுத்தால், மருத்துவருக்கு அந்தப் பட்டியலைவிட அது பயன்படும்.

யாருக்குக் கடுமையாக வரும் என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லாது. போன முறை காணாக்கடியோடு நின்றது என்பதும் உத்தரவாதம் அல்ல. ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம், அதுவும் வீசிங் கட்டுக்குள் இல்லாதவர்களிடம், கூடுதல் கவனம் வேண்டும். சாப்பிட்ட கையோடு ஓடியாடுவதும் காய்ச்சலும் சிலருக்கு எதிர்வினையைக் கூட்டும்.

அமெரிக்காவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, உணவு ஒவ்வாமையால் இறந்த 6 பேரையும் மயிரிழையில் பிழைத்த 7 பேரையும் ஒப்பிட்டது. எல்லாருமே சிறுவர்கள், வளரிளம் பருவத்தினர். 12 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. பிழைத்த 7 பேரில் 6 பேருக்கு அரை மணி நேரத்துக்குள் அட்ரினலின் ஊசி போடப்பட்டிருந்தது. இறந்தவர்களில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைப் பெற்றவர்கள் 2 பேர். அந்த 6 மரணங்களில் 4 பள்ளியில் நேர்ந்தவை.

காணாக்கடியோ உதடு வீக்கமோ மட்டும் இருந்தால், குழந்தையைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டு பெற்றோரை அழையுங்கள். குரல் கம்முதல், தொடர் இருமல், மூச்சிரைப்பு, துவண்டு போதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது அனபிலாக்சிஸ் என்று கொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும் அப்படியே. தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலும் வரலாம். செட்ரிசின், அவில் அரிப்பைத்தான் குறைக்கும். தேவை அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது, விலை குறைந்த மருந்து.

மேல்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியரே போடக்கூடிய பேனா ஊசி உண்டு. அது நம் கையில் இல்லாததால் நேரம்தான் நம் மருந்து. 108-ஐ அழைத்து “கடுமையான அலர்ஜி, மூச்சுத் திணறுகிறது” என்றே சொல்லுங்கள். பச்சைமலை அடிவார ஊர்களிலிருந்து ஆத்தூர் மருத்துவமனை வரை போக நேரமாகும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் போன் எண் அலுவலக அறைச் சுவரில் இருக்கட்டும்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். நடக்கவிடக் கூடாது. டூவீலரில் நடுவில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம். ரத்த அழுத்தம் சரிந்த நேரத்தில் நிமிர்த்தி உட்காரவைத்தால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் உயிரே போகலாம். காரோ ஆட்டோவோ பாருங்கள். ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரத்தில் சிலருக்கு மறுபடி வரும். அதனால் மருத்துவர் அனுப்பும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.