இளஞ்சாரதியும் காப்புறுதிக் கட்டுப்பணமும்

திருவாரூர் வீதியிலே சோழ இளவரசன் தேர் ஊர்ந்து சென்ற வரலாற்றை எமது கல்லூரியிற் பயின்றோர் எவரும் மறந்திரார். துள்ளி வந்த ஆன்கன்று ஒன்று, ஒருவரும் காணாவகை தேர்க்காலில் அகப்பட்டு உயிர்நீத்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அந்தணர் விதிக்கும் கழுவாயைச் செய்து அமையலாம் என அமைச்சர் கூறினர். மனுநீதி கண்ட சோழன் அதற்கு இசைந்திலன். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே விரித்துரைத்த இவ்வரலாற்றை நீதிக்கு எடுத்துக்காட்டாக யாம் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். அஃது இக்காலத்து மோட்டார்க் காப்புறுதிக்கும் பொருந்தும் என்பதை யாம் உணர்ந்தது அண்மையிலேதான்.

எம்முடன் ஒரே வாங்கிலிருந்து பயின்ற பழைய மாணவர் ஒருவர் இன்று இலண்டன் மாநகரின் வடமேற்கிலுள்ள ஹரோவில் வாழ்கின்றார். அவருடைய மூத்த புதல்வன் பதினேழு வயதெய்தி, சாரதிப் பரீட்சையில் முதன்முறையிலேயே சித்தியெய்தினான். தந்தையார் மகிழ்ந்து பழைய சிறு கார் ஒன்றை 1,500 பவுணுக்கு வாங்கினார். பின்னர்க் காப்புறுதிக் கம்பனிகளை வினாவியபோது, ஓராண்டுக்கு அவை கேட்ட கட்டுப்பணம் 2,000 பவுணுக்கு மேற்பட்டிருந்தது. கார் முற்றாக நொறுங்கினும் நட்டம் 1,500 பவுண்தானே, அதற்கு 2,000 பவுண் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று அவர் தொலைபேசியிலே எம்மிடம் குறைப்பட்டார். அயலவர் ஒருவர் அவருக்கு ஓர் உபாயமும் கூறியிருந்தார். காரைப் பெரும்பாலும் செலுத்துபவர் தந்தையே என்று பத்திரத்தில் எழுதி, மகனின் பெயரை இரண்டாஞ் சாரதியாகச் சேர்த்துவிட்டால் கட்டுப்பணம் பாதியாகிவிடும் என்பதே அவ்வுபாயம். “எல்லாரும் இப்படித்தான் செய்கின்றனராம். நீர் தமிழ் கற்பிப்பவர். மனுநீதி கண்ட சோழன் கதை சொல்பவர். நீரே கூறும், இது பொய்யாகுமோ?” என்று நண்பர் கேட்டார்.

பொய் என்று உடனே சொல்லிவிடலாம். ஆயினும், கட்டுப்பணம் ஏன் அத்துணைப் பெரிது என்பதை விளக்காது பொய் பேசாதே என்பது, கணக்கைக் கற்பியாது விடையை மட்டும் திருத்துவதை ஒக்கும். ஆதலின், யாம் சில நாள் இவ்விடயத்தை ஆராய்ந்தோம். அறிந்தவற்றை இம்மலர் வாயிலாக ஏனையோர்க்கும் கூறுகின்றோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். மோட்டார்க் காப்புறுதி முதன்மையாகக் காருக்காக எழுந்ததன்று. காரினால் ஊறுபடுவோர்க்காக எழுந்தது. பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. சாரதிப் பரீட்சை கட்டாயமானதோ 1935ஆம் ஆண்டிலேதான். காரால் மோதுண்டு கைகால் இழந்தவர், மோதியவரிடம் பணமில்லாமையால் நட்டஈடு பெறாது வருந்திய நிலையை நீக்குதற்கே அச்சட்டம் பிறந்தது. எமது நாட்டிலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அத்தகைய காப்புறுதியை வேண்டி நிற்கின்றது.

இன்றைய பிரித்தானியச் சட்டப்படி, பிறருடைய உடலுக்கு நேரும் ஊறுக்கு வழங்கவேண்டிய காப்புக்கு மேலெல்லையே இல்லை. பிறர் சொத்துச் சேதத்துக்குக் குறைந்தது 12 இலட்சம் பவுண்வரை காப்பு இருத்தல் வேண்டும். எனவே, 1,500 பவுண் பெறுமதியான கார் வீதியில் இறங்கும்போது, கம்பனி பல இலட்சம் பவுணுக்குப் பிணை நிற்கின்றது. சொந்தக் காரின் சேதத்தை விட்டு, மூன்றாந் தரப்புக் காப்புறுதியை மட்டும் கேட்டாலும் இளைஞர்க்குக் கட்டுப்பணம் பெரிதும் குறைவதில்லை. சிலவேளை கூடுவதும் உண்டு. கட்டுப்பணத்தைத் தீர்மானிப்பது காரின் விலையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் இளைஞர்க்கு மட்டும் ஏன் மிகுதி? பிரித்தானிய அரசின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டிலே கார் விபத்துக்களில் இறந்தோரும் கடுங்காயமுற்றோருமாகிய அனைவருள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர், 17 முதல் 24 வயதுவரையுள்ள சாரதியொருவர் சம்பந்தப்பட்ட விபத்துக்களிலே சிக்கியவராவர். சாரதிகளின் தொகையில் அவ்வயதினர் சிறு பகுதியினரே. இரவு நேரமும், காரினுள் ஒத்த வயதுத் தோழர் நிறைந்திருத்தலும் அபாயத்தை மேலும் பெருக்குகின்றன. அனுமதிப்பத்திரம் பெற்ற முதற் சில மாதங்களே மிகவும் இடரானவை. பட்டறிவு பெருகப் பெருக அபாயம் விரைந்து குறைகின்றது.

பரீட்சையிற் சித்தியெய்தல் வேறு, பட்டறிவு வேறு. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரத்தோடு யாம் முதன்முதல் வகுப்பறையுட் புகுந்த நாளை எண்ணிப் பார்க்கின்றோம். பத்திரம் கையிலிருந்தது. நாற்பது மாணவரை அமைதியாக இருத்தும் வித்தை கையில் இருக்கவில்லை. அன்று யாம் செய்த பிழைகளால் எவர்க்கும் எலும்பு முறியவில்லை என்பதே எமது நற்பேறு. புதுச் சாரதியின் பிழைக்கு அந்நற்பேறு எப்போதும் வாய்ப்பதில்லை.

இன்னுமொரு காரணம் உண்டு. அது பலர் அறியாதது. விபத்திலே முள்ளந்தண்டு முறிந்து, வாழ்நாள் முழுதும் பிறர் துணையோடு வாழவேண்டிய ஒருவருக்கு நீதிமன்றம் நட்டஈட்டைப் பெரும்பாலும் ஒரே தொகையாக விதிக்கும்போது, அத்தொகை முதலீடு செய்யப்பட்டு வருவாய் ஈட்டும் என்று கொண்டு ஒரு பகுதியைக் கழிக்கின்றது. விலைவாசி ஏற்றத்துக்கு மேலாக ஆண்டுதோறும் எவ்வளவு ஈட்டும் எனக் கொள்வது என்பதை அரசு விதிக்கின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இவ்வீதம் 2001ஆம் ஆண்டு தொடக்கம் நூற்றுக்கு 2.5 ஆக இருந்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சுழியத்துக்குங் கீழே 0.75 ஆக இறக்கப்பட்டது. 2019இல் சுழியத்துக்குக் கீழ் 0.25 ஆயிற்று. 2025ஆம் ஆண்டு சனவரியில் சுழியத்துக்கு மேல் 0.5 ஆக உயர்ந்தது.

இச்சிற்றெண்களின் வலியைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகும். ஆண்டுக்கு 50,000 பவுண் பராமரிப்புச் செலவு 50 ஆண்டுகளுக்கு வேண்டுமெனக் கொள்வோம். 2.5 வீதத்திலே இன்று ஏறக்குறைய 14 இலட்சம் பவுண் போதும். 2017இல் விதித்த வீதத்திலே ஏறக்குறைய 30 இலட்சம் வேண்டும். இப்போதைய வீதத்திலே ஏறக்குறைய 22 இலட்சம் வேண்டும். ஊறுபட்டவர் இளையராயின் பராமரிக்க வேண்டிய ஆண்டுகள் மிகுதி. இளஞ்சாரதியின் காரிலே உடன் செல்வோர் யார்? அவன் வயதுத் தோழரே. அதனாலன்றோ இளைஞர் விபத்துக்களின் நட்டஈடு பெருந்தொகையாகின்றது.

இப்பொழுது கூட்டிப் பார்ப்போம். விளக்கத்துக்காக, ஆயிரம் இளஞ்சாரதியருள் ஓராண்டில் ஒருவன் மட்டும் இத்தகைய பேரிடர் விளைத்தான் எனக் கொள்க. 22 இலட்சத்தை ஆயிரம் பேருக்குப் பங்கிடின் தலைக்கு 2,200 பவுண் வரும். ஏனைய சிறு விபத்துக்களும், கம்பனியின் செலவும், அரசுக்குச் சேரும் நூற்றுக்கு 12 வீதக் காப்புறுதி வரியும் இதற்கு மேலே. மெய்யான கணக்கு இதனினும் நுண்ணியது. ஆயினும் அதன் இயல்பு இதுவே.

‘எம் மகன் நல்லவனாயிற்றே, அவன் ஏன் பிறர் பிழைக்குக் கட்ட வேண்டும்?’ என்று பெற்றோர் கேட்பது இயல்பு. நல்லவன் என்பதைப் பெற்றோர் அறிவர். கம்பனி எங்ஙனம் அறியும்? ஐம்பது வயதினர்க்கு முப்பது ஆண்டுச் சரித்திரம் உண்டு. பதினேழு வயதினனுக்கு நல்ல சரித்திரமும் இல்லை, தீய சரித்திரமும் இல்லை, சரித்திரமே இல்லை. ஆணா பெண்ணா என்பதை நோக்கிக் கட்டுப்பணம் விதித்தல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் 2012ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாளோடு நின்றது. வயதை நோக்குதலுக்குச் சட்டம் இடந்தருகின்றது. இதனால் அடக்கமுள்ள இளைஞனும் அடக்கமற்றவனோடு சேர்த்து எண்ணப்படுகின்றான் என்பது மெய். அது குறையே என்பதை யாமும் மறுப்பதற்கில்லை.

ஆயின், அக்குறைக்குப் பொய் மருந்தாகாது. மகனே நாள்தோறும் செலுத்தும் காரைத் தந்தை செலுத்துவதாக எழுதுதல் பிரித்தானியாவில் மோசடியெனவே கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, அறிந்தே பொய்யுரைத்தவரின் ஒப்பந்தத்தைக் கம்பனி இல்லாததாக்கலாம். கட்டிய பணத்தையும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஊறுபட்ட மூன்றாமவர்க்குக் கொடுத்த தொகையை உரியவரிடமிருந்து மீட்கவும் முற்படலாம். காப்புறுதியின்றிச் செலுத்திய குற்றமும் மகன்மேற் சாரக்கூடும். அதற்குக் குறைந்த தண்டனை 6 குற்றப் புள்ளிகள். 1997ஆம் ஆண்டு சூன் தொடக்கம் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, சித்தியெய்திய ஈராண்டினுள் 6 புள்ளிகள் பெற்றவர் அனுமதிப்பத்திரத்தை இழந்து, இரு பரீட்சைகளையும் மீளவும் எழுத வேண்டியவராவர். ஆயிரம் பவுணை மிச்சம்பிடிக்கச் சென்று வீட்டையும் பெயரையும் ஈடுவைத்தல் அறிவுடைமையாகுமா?

வேறோர் இழப்பும் உண்டு. விபத்தின்றிக் கழிந்த ஒவ்வோராண்டுக்கும் கழிவு கிடைப்பது பத்திரம் யார் பெயரில் உள்ளதோ பெரும்பாலும் அவருக்கே. தந்தையின் பெயரின்கீழ் மறைந்திருந்த மகன், நான்காண்டு நன்றாகச் செலுத்திய பின்னும் சரித்திரமில்லாதவனாகவே நிற்பான்.

மெய்யான வழிகள் இல்லாமலில்லை. வேகத்தையும் தடைபிடிக்கும் முறையையும் செலுத்தும் நேரத்தையும் பதிந்து அனுப்பும் ‘கறுப்புப் பெட்டி’ என்னும் கருவியைக் காரிற் பொருத்த இசைந்தால், கம்பனிகள் பல கட்டுப்பணத்தைக் குறைக்கின்றன. சரித்திரமில்லாதவன் தன் சரித்திரத்தைத் தானே எழுதும் ஏடு அது. வலுக்குறைந்த எஞ்சினுடைய காரைத் தெரிதல், கார் வாங்குமுன்னரே கட்டுப்பணத்தை விசாரித்தல், மகனை முதற்சாரதியாகவே எழுதி, உண்மையாகவே இடையிடையே செலுத்தும் பெற்றோரை அடுத்த சாரதியாகச் சேர்த்தல், மாதத் தவணைக்குரிய வட்டியைத் தவிர்த்து ஆண்டுத்தொகையை ஒருங்கே கட்டுதல் என்பனவும் உதவும். எல்லாவற்றினும் பெரிய மருந்து விபத்தின்றிக் கழியும் ஓராண்டே.

இவற்றையெல்லாம் நண்பருக்கு எழுதினோம். பத்திரத்தை மகன் பெயரிலேயே எடுத்ததாகவும், கறுப்புப் பெட்டி பொருத்தியதாகவும், கட்டுப்பணத்தில் ஒரு பங்கை மகன் சனிக்கிழமைகளிற் கடையொன்றில் வேலைசெய்து தருவதாகவும் அவர் மறுமொழி அனுப்பினார். சோழ மன்னன் இளவரசனின் பிழையைத் தன் பெயராலோ தன் பொருளாலோ மூடி மறைத்திலன். மகனுக்காகத் தந்தை எதையுங் கொடுக்கலாம். மெய்யை மட்டும் கொடுத்தலாகாது.

எமது மாணவர்க்கும் ஒரு சொல். எமது நாட்டில் மூன்றாந் தரப்புக் காப்புறுதிக் கட்டுப்பணம் சாரதியின் வயதை நோக்காது வாகனத்தின் வகையையே நோக்கி விதிக்கப்படுகின்றது, தொகையும் சிறிது. கட்டுப்பணம் சிறிதாதலின் ஆபத்தும் சிறிது என்று எண்ணற்க. பதினேழு பதினெட்டு வயதின் ஆபத்தைப் பிரித்தானியாவில் பவுண் கணக்கில் எழுதிக் காட்டுகின்றனர்; இங்கே எழுதிக் காட்டுவார் இல்லை. கல்லூரி வாயிலிலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் மூவராய் ஏறிப் புறப்படும்போது, எழுதப்படாத அக்கணக்கை ஒருமுறை மனத்தில் எண்ணிக்கொள்க. துள்ளி வரும் கன்று எல்லா வீதிகளிலும் உண்டு.