மூடைக்கு மூடை ஈடாகுமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வட்டைகளில் பெரும்போக வேளாண்மை வடகீழ்ப் பருவமழையோடு தொடங்குகின்றது. பயிருக்கு மேற்பசளை இடவேண்டிய வேளையில் யூறியா கிடையாவிடின், கிடைத்த வேறு பசளையை “மூடைக்கு மூடை” என மாற்றி இடுவோர் உளர். இது நட்டம் தரும் வழக்கமாகும். அதன் காரணம் இரசாயனவியலின் எளிய விதியொன்றில் அடங்கியுள்ளது.

தூய சேர்வை ஒன்றிலே மூலகங்கள் எப்பொழுதும் ஒரே திணிவு விகிதத்தில் சேர்ந்திருக்கும். செப்புக் காபனேற்று இயற்கையாகக் கிடைத்ததாயினும் ஆய்கூடத்தில் ஆக்கப்பட்டதாயினும் அதன் அமைப்பு ஒன்றே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் யோசேப் புறூத்து 1799ஆம் ஆண்டில் காட்டினார். இதுவே மாறா விகிதசம விதி.

யூறியாவில் 60 பங்கு திணிவுக்குக் காபன் 12, ஒட்சிசன் 16, ஐதரசன் 4, நைதரசன் 28 பங்காகும். விற்பனையாகும் யூறியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ. அமோனியம் சல்பேற்றிலோ 132 பங்கில் 28 பங்கே நைதரசன். அதாவது ஏறக்குறைய 21 வீதம். மூடையொன்றில் பத்தரைக் கிலோ.

ஆகவே ஒரு மூடை யூறியாவுக்கு ஈடாக இரண்டு மூடையும் மேலும் பத்துக் கிலோ அளவும் அமோனியம் சல்பேற்று வேண்டும். ஒன்றுக்கொன்று இட்டால் பயிருக்குப் பாதி நைதரசனும் கிடையாது. மாறாக, சல்பேற்றின் அளவிலேயே யூறியாவை இட்டால் நைதரசன் இருமடங்காகும். பயிர் சாயும், எரிபந்த நோய் மிகும், எஞ்சியது வடிநீரோடு வாவியைச் சேரக்கூடும்.

விலையையும் இவ்வாறே ஒப்பிடல் வேண்டும். யூறியா மூடையின் விலையை 23ஆலும், சல்பேற்று மூடையின் விலையைப் பத்தரையாலும் வகுத்தால் ஒரு கிலோ நைதரசனின் விலை தெரியும். மலிவான மூடை மலிவான பசளையாகாது என்பது அப்போது விளங்கும். ஈரம் ஏறிய மூடை நிறையிற் கூடினும் அதன் நைதரசன் கூடுவதில்லை.

சாணமும் கூட்டெருவும் சேர்வைகள் அல்ல, கலவைகள். அவற்றின் நைதரசன் குவியலுக்குக் குவியல் மாறும். மாறா விகிதக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தளர்த்தப்பட்ட காலத்தில், இவ்வேறுபாட்டின் பெறுமதி இலங்கைக் கமக்காரருக்கு நன்கு உணர்த்தப்பட்டது. மண்ணை வளமாக்க எரு இன்றியமையாதது. எனினும் அதன் அளவைப் பரிசோதனையின்றி மதிப்பிடல் அரிது.

எனவே கமக்காரர் பசளை வாங்குமுன் மூடையில் அச்சிட்டுள்ள வீதத்தைப் படித்தல் வேண்டும். தம் வயலுக்கு வேண்டிய நைதரசனின் அளவைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, மூடைகளை எண்ணாது நைதரசனை எண்ணி இடுவார்களாக.