விம்கோ நகரில் இளவேனில்: காகம், குயில், எருமை

விம்கோ நகர் வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்துள்ள தொழிற்பகுதி ஆகும். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே ஊர்ப்பெயராயிற்று. கிழக்கே வங்கக்கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உள்ளன. காடு இல்லாத இவ்வூரிலும் சித்திரை, வைகாசி ஆகிய இளவேனில் மாதங்களில் உயிரினங்களை உற்றுநோக்க வாய்ப்பு மிகுதி.

முதலில் காதில் விழுவது குயிலின் குரல். மார்ச் மாதத்திலேயே விடியலுக்கு முன் தொடங்கிவிடும். திரைப்பாடல்கள் குயிலைப் பெண்ணாக்கினாலும், குரலை உயர்த்தி உயர்த்திக் கூவுவது ஆண்பறவையே. அது சிவந்த கண்ணுடைய கரும்பறவை. பெண்குயில் பழுப்பு நிறம். உடலெங்கும் வெண்புள்ளிகள் இருக்கும்.

இதே பருவத்தில்தான் வீட்டுக்காகமும் கூடு கட்டுகிறது. சுள்ளி கிடைக்காத தொழிற்பகுதிகளில் கம்பித் துண்டுகளையும் சேர்த்துப் பின்னுவதுண்டு. குயில் கூடு கட்டுவதில்லை. காகக் கூட்டில் முட்டையிடுகிறது. குயில் முட்டை சற்றுச் சிறியது. ஆயினும் நிறமும் புள்ளிகளும் காக முட்டையை ஒத்திருக்கும். அது இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பொரிந்துவிடுவதால் குயில்குஞ்சு இரை வாங்குவதில் முந்திக்கொள்கிறது. சில வாரங்கள் கழித்து, காகத்தின் பின்னால் வாய்திறந்து கெஞ்சும் புள்ளியிட்ட குஞ்சைக் கண்டால் அது குயில் என அறியலாம். மொட்டைமாடியிலிருந்து ஒரே மரத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்துத் தேதியுடன் குறித்து வந்தால் இவை அனைத்தும் விளங்கும். கூட்டை நெருங்கக் கூடாது. காகம் தலையில் கொத்தும்.

இந்தக் கூடுகளுக்குப் பெரிய ஆபத்து, மின்கம்பிக்காகக் கிளைகளை வெட்டுவதுதான். ஒரு கிளை விழுந்தால் இரண்டு இனங்களின் குஞ்சுகளும் போகும். வெட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகத்தை எலியுடன் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது.

வளர்ப்பு விலங்குகளில் எருமையைக் கவனிப்பது பயன் தரும். வியர்வைச் சுரப்பிகள் குறைவாதலால் வெயில் ஏறியதும் நீரையோ சேற்றையோ நாடும். மேயும்போது உடன் நடக்கும் வெண்ணிறப் பறவை உண்ணிக்கொக்கு. பெயர் அப்படி இருந்தாலும், அது பெரும்பாலும் தின்பது எருமையின் காலடியில் கலைந்து பறக்கும் வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளையே. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் முதுகும் செம்மஞ்சள் நிறம் பெறும். நீரில் நின்று மீன் பிடிக்கும் சின்னக் கொக்கிற்கு இந்நிற மாற்றம் இல்லை. அதன் அலகு கறுப்பு, உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சள்.