சிவகாமி ஏன் ஏகாம்பரநாதரிடம் போனாள்?

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையையே அழவைத்த நூல் எதுவென்று கேட்டால், பெரியவர்களில் பலர் சற்றும் தயங்காமல் ‘சிவகாமியின் சபதம்’ என்பார்கள். அமரர் கல்கி தமது ‘கல்கி’ வார இதழில் 1944ஆம் ஆண்டு தொடங்கி 1946 வரை எழுதிய தொடர்கதை அது. இதழ் வீட்டுக்கு வந்ததும் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். வாரந்தோறும் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். பூஜை அறை அலமாரியில், திருவாசகத்துக்கும் அபிராமி அந்தாதிக்கும் பக்கத்தில் அந்தப் பைண்டுப் புத்தகம் நின்ற வீடுகள் உண்டு.

பூஜை அறைக்குள் ஒரு நாவலுக்கு இடம் கிடைத்தது எப்படி என்பதே இக்கட்டுரைக்கு விஷயம். இதைப் பற்றி இரும்பை மாகாளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வயது முதிர்ந்த வாசகர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். வேறு ஊர்களில் கேட்டிருந்தால் இதே விடைகள் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. காரணம், இத்தலத்தின் புராணம் அப்படிப்பட்டது.

இரும்பை, திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய தலம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் ஒன்று. மாகாளேஸ்வரரும் குயில்மொழி அம்மையும் இங்கு எழுந்தருளியிருக்கிறார்கள். மூலவரின் லிங்கத் திருமேனி பிளவுபட்டுச் செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்டிருப்பதைத் தரிசித்தவர்கள் அறிவார்கள். அதற்குச் சொல்லப்படும் வரலாறு கடுவெளிச் சித்தருடையது. உதிர்ந்த இலையே உணவாகத் தவம் இருந்தவர் சித்தர். நாட்டில் மழை பொய்த்தது. சித்தரின் தவக்கனலே காரணம் என்று எண்ணிய அரசன், தவத்தைக் கலைக்க ஒரு நடன மாதை அனுப்பினான். இலை விழும் இடத்தில் அவள் அப்பளத்தை வைத்தாள், சித்தர் கண் விழித்தார், மழையும் பெய்தது. அந்த மகிழ்ச்சிக்காக ஆலயத்தில் விழா நடந்தபோது, ஆடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் காற்சிலம்பு கழன்று விழுந்தது. அவளை ஆடவல்லானாகவே கண்ட சித்தர், சிலம்பை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கூட்டம் சிரித்தது. சித்தர் மனம் நொந்து இறைவனை நோக்கிப் பாடினார். லிங்கம் வெடித்துச் சிதறியது. அரசன் பிழை பொறுக்க வேண்டியபின் அவர் மீண்டும் பாட, சிதறியவை ஒன்றுகூடின. இதைச் சிற்சில மாறுதல்களோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் எல்லோர் வாக்கிலும் மாறாமல் வருவது அந்தச் சிரிப்பு.

இந்தச் சந்நிதியில் நின்று வளர்ந்தவர்கள் சிவகாமியின் கதையைப் படித்தபோது, நமக்கெல்லாம் உறைக்காத ஓர் இடம் அவர்களுக்கு உறைத்திருக்கிறது. பலரும் நினைவுகூர்வது காஞ்சியின் கோலாகலத்தையும், மாமல்லரின் காதலையும், நாகநந்தி அடிகளின் சூழ்ச்சியையும்தான். இங்கே நான் பேசிய மூவரில் இருவர் முதலில் சொன்னது வாதாபி நாற்சந்தியை. சிறைப்பட்டுக் கிடந்த தமிழ் மக்களைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்றுவதற்காக, ஆயனச் சிற்பியின் மகள் பகைவர் நகரத்தின் தெருமுனையில் ஆடுகிறாள். கோயிலுக்கும் அரங்குக்கும் உரிய கலையை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சூழ்ந்து நிற்கிறது. “எங்கள் ஊர் சித்தரைச் சிரித்தார்களே, அதே கூட்டம்தான் இது” என்றார் ஒரு பெரியவர். நாவலின் மூன்றாம் பாகத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் கேட்டதில்லை.

இந்த மண்ணுக்கும் கதைக்கும் வேறு உறவும் உண்டு. கதையில் வரும் மகேந்திர பல்லவரின் கைவண்ணம் விழுப்புரம் மாவட்டத்தில் இன்றும் நிற்கிறது. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இன்றி பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த ஆலயம் என்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரரின் விருதுப் பெயர். தளவானூரிலும் அவர் குடைவித்த கோயில் இருக்கிறது. நாவலைப் படித்துவிட்டு மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் மிகுதி. அது இயல்புதான், கல்கிக்கே அந்தக் கதைமாந்தர்கள் மனத்தில் உருக்கொண்டது மாமல்லபுரத்துக் கடற்கரையில், ரசிகமணி டி.கே.சி.யுடன் அமர்ந்திருந்த ஒரு நிலவிரவில் என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆனால் மண்டகப்பட்டில் ஆரவாரமில்லாத அந்தப் பாறை முன் நின்றால் மகேந்திரரை இன்னும் அருகில் காணலாம் என்பது என் எண்ணம்.

இனி, எல்லோரையும் கலங்கவைத்த முடிவுக்கு வருவோம்.

‘சிதைந்த கனவு’ என்பது நான்காம் பாகத்தின் பெயர். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, சபதம் நிறைவேறி, வாதாபி எரிந்தபின் சிவகாமி காஞ்சிக்குத் திரும்புகிறாள். மாமல்லருக்குப் பாண்டிய குமாரியோடு மணமாகிக் குழந்தைகளும் இருக்கின்றன. அவள் ஏகாம்பரநாதரையே மணாளனாக வரித்து, சந்நிதியில் அப்பர் பெருமானின் திருவாரூர்த் திருத்தாண்டகப் பாடலுக்கு அபிநயம் பிடித்து ஆடுகிறாள். ஒரு நங்கை, தலைவனின் பெயரைக் கேட்பதில் தொடங்கித் தன்னையே மறந்து அவன் திருவடியைச் சேர்வதைச் சொல்லும் பாடல் அது. மாமல்லர் கண்ணீர் மல்கப் பார்த்திருந்துவிட்டுப் போகிறார்.

இளம்வயதில் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றார் எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர். அப்போது அவருக்குக் கல்கிமேல் கோபம்கூட வந்ததாம். திருமணமாகி, பிள்ளைகளை வளர்த்து, கணவரையும் இழந்தபின் மறுபடி படித்தபோது அதே அத்தியாயத்தில் அழுகை வந்தது. ஆனால் அது வேறு அழுகை என்றார். சிவகாமி தோற்றுவிட்டாள் என்று அப்போது நினைத்தாராம். இப்போது அவளுக்குக் கிடைத்தது யாருக்குக் கிடைக்கும் என்று தோன்றுகிறதாம். இப்படிச் சொல்லும் வாசகர்கள் பலர். முதுமையில் அந்த நாவலின் கடைசி அத்தியாயம் துயரமாகத் தெரிவதில்லை என்பதைப் பல ஊர்களிலும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் உடனிருந்த இன்னொரு அம்மையார் இதை ஏற்கவில்லை. தம் வாழ்நாள் முழுவதும் மணம் செய்துகொள்ளாமல் உடன்பிறந்தார் குடும்பத்தோடு வாழ்ந்தவர் அவர். நாள் தவறாமல் கோயிலுக்கு வருபவர். அவர் கேட்டார்: “மாமல்லர் கிடைத்திருந்தால் அவள் ஏகாம்பரநாதரிடம் போயிருப்பாளா? கிடைக்காதவருக்குப் பதிலாகவா சுவாமி?” சிறிது நேரம் யாரும் பேசவில்லை. வாழ்க்கையில் ஏதோ குறைபட்டவர்கள்தாம் கோயிலே கதியென்று கிடப்பார்கள் என்று ஊரார் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட உள்ளம் அது. நாவலைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், அவர் கேட்டது தம்மைப் பற்றி.

இதற்கு நாவலுக்குள்ளேயே ஒரு விடை உண்டு. கடைசியில் சிவகாமி ஆடும் பாடல் அங்கே புதிதாக வருவதன்று. முதல் பாகத்திலேயே, துயரம் எதுவும் தொடாத பருவத்தில், நாவுக்கரசர் பெருமான் முன்னிலையில் அதே பாடலுக்கு அவள் அபிநயம் செய்கிறாள். வித்து முன்பே விழுந்துவிட்டது. இடையில் நடந்த போரும் சிறையும் சபதமும் அதை மூடியிருந்த மண். கல்கி இதை எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. இரண்டு பாகங்களுக்கு அப்பால் அதே பாடலை மீண்டும் வைத்ததோடு நின்றுவிட்டார்.

இருந்தாலும் ஒரு நாவலாசிரியரின் சான்று அந்த அம்மையாருக்குப் போதாது என்றே எனக்குப் பட்டது. சிவகாமியும் ஆயனரும் நாகநந்தியும் கற்பனைப் பாத்திரங்கள். காஞ்சிக்குப் போய்ச் சிவகாமி ஆடிய இடம் எது என்று விசாரிக்கும் அன்பர்கள் உண்டு; அவர்களுடைய ஈடுபாட்டை வணங்கலாம், ஆனால் காட்டுவதற்கு அப்படி ஓர் இடம் இல்லை. உண்மைச் சான்று வேண்டுமென்றால் சேக்கிழாரிடம் போகவேண்டும். அவர் காட்டும் சான்று தொலைவிலும் இல்லை. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரிலும் திருவதிகையிலும் இருக்கிறது.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் திலகவதியார். அரசனின் படைத்தலைவரான கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசினார்கள். திருமணத்துக்கு முன்பே கலிப்பகையார் வடபுலப் போருக்குச் சென்றார்; களத்திலேயே உயிர் நீத்தார். அதற்குள் தாய் தந்தையரும் மறைந்துவிட்டார்கள். அவருக்கென்று பேசப்பட்டபின் இவ்வுயிர் அவருடையதே என்று தாமும் உயிர் விடத் துணிந்த அம்மையாரை, தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து அழுது தடுத்தார். தம்பிக்காக உயிர் தாங்கினார். பின்னர்த் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, நந்தவனம் அமைத்து, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். தம்பி சமண சமயம் புகுந்து தருமசேனர் ஆனபோது, அவரை மீட்டருளும்படி வீரட்டானேஸ்வரரிடம் முறையிட்டவரும் இவரே. சூலை நோயோடு திரும்பி வந்த தம்பிக்குத் திருநீறு தந்தது இந்தக் கைதான். அப்பர் பெருமான் நமக்குக் கிடைத்தது அப்படி.

போருக்குப் போன படைத்தலைவர், காத்திருந்த பெண், கலைந்த மணம், கோயில் திருப்பணி: சிவகாமியின் கதையில் வருவது எல்லாம் இங்கே, சேக்கிழார் வாக்கிலேயே இருக்கிறது. திலகவதியார் கோயிலுக்குப் போனது கலிப்பகையார் திரும்பாததால்தானே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? ஆம், அதனால்தான். அதை மறைக்க வேண்டியதில்லை, சேக்கிழாரும் மறைக்கவில்லை. கதவு எந்தத் துயரத்தால் திறந்தது என்பது ஒன்று. உள்ளே போனவர் என்ன செய்தார் என்பது வேறு. அந்தத் தம்பியும் சூலை நோய் தாளாமல்தான் வந்தார். அவர் தேவாரத்தை வயிற்று வலிக்குப் பதிலாகக் கிடைத்தது என்று எவரும் சொல்வதில்லை. பெண்ணுக்கு மட்டும் இப்படி ஒரு கணக்குப் போடுவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பரஞ்சோதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதயானைமேல் வேலெறிந்து சிவகாமியைக் காப்பாற்றும் இளைஞனாக நாவலில் அறிமுகமாகிறவர், பெரியபுராணத்தின் சிறுத்தொண்ட நாயனார். வாதாபியை வென்றபின் வாளை வைத்துவிட்டுத் திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்குத் தொண்டுபுரிந்தவர். வாதாபியிலிருந்து அவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் விநாயகரை அங்கே இன்றும் வழிபடுகிறோம். ஆண் வாசகர்களில் பெரும்பாலோர் மாமல்லரை விட்டு இவரிடம்தான் வந்து நிற்கிறார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் குறிப்பாக. வெற்றியின் உச்சியில் இறங்கிவர ஒருவரால் முடிந்திருக்கிறதே என்ற வியப்பு அவர்களுக்கு.

திலகவதியார் வரலாற்றை அந்த அம்மையாரிடம் நினைவூட்டியபோது, அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்த கதைதானே என்பதுபோல் தலையசைத்தார். பிறகு, திருவதிகையில் திலகவதியாருக்குத் தனிச் சந்நிதி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். விழுப்புரம் வழியாகப் பண்ருட்டிக்குப் பேருந்து கிடைக்கும் என்று முதல் அம்மையார் சொல்ல, அடுத்த பிரதோஷத்துக்கு முன்பா பின்பா என்று இருவரும் நாள் பார்க்கத் தொடங்கினார்கள்.

இரும்பைக்கு வர விரும்பும் அன்பர்கள் திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கிக்கொள்ளலாம்; அங்கிருந்து ஊர் சிறிது தூரம்தான். அதே பயணத்தில் சம்பந்தர் பாடிய திருஅரசிலியையும் (ஒழிந்தியாப்பட்டு), திருவக்கரை வக்கிரகாளி அம்மனையும் தரிசித்துவரலாம். மண்டகப்பட்டு செல்பவர்கள் பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது நல்லது. கல்வெட்டைக் காண அதுவே வசதி.