பனிக்கடலுக்கு ஏற்றது சிறிய கப்பலே

1845இல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள், கனடாவின் வடக்கேயுள்ள தீவுக்கூட்டத்தின் ஊடே பசிபிக் பெருங்கடலுக்கு வழி காணப் புறப்பட்டன. அணியத்தில் இரும்புத் தகடு அறைந்து, ரயில் இன்ஜின் பொருத்தி, மூன்றாண்டுக்கான உணவை ஏற்றியிருந்தார்கள். இரண்டும் பனியில் சிக்கின. 129 பேரில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. அந்த வழியை முழுவதும் கப்பலிலேயே முதலில் கடந்தவர் நார்வேயின் ரோவால் அமுண்ட்சென். 1903இல் கிளம்பி 1906இல் முடித்தார். அவருடைய ‘யோவா’ 47 டன் கொண்ட பழைய மீன்பிடிக் கப்பல். அவரையும் சேர்த்து அதில் ஏழே பேர். பெரிய கப்பலுக்கு ஆழம் போதாத ஜலசந்திகளில் அது நுழைந்து வந்தது. ஒருமுறை தரைதட்டியபோது, மேல்தளத்திலிருந்த பெட்டிகளைக் கடலில் தள்ளி எடையைக் குறைத்து மீண்டார்கள். ஏழு பேருக்கு அந்தக் கரையில் வேட்டையாடிச் சாப்பாடு தேட முடியும், நூற்றுக்கணக்கானவர்களுக்கு முடியாது. அமுண்ட்செனின் திறமைக்கும், இனுயிட் மக்களிடம் அவர் கற்றுக்கொண்டவற்றுக்கும் இந்த வெற்றியில் பெரும்பங்கு உண்டு. இருந்தாலும், ஆர்க்டிக் கடலில் கப்பலின் சிறிய உருவமே முதல் பாதுகாப்பு என்பதற்கு யோவா நல்ல சாட்சி. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இவ்வகைப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பல் ‘லின்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்’. 1969இல் ஃபின்லாந்தில் கட்டினார்கள். நூறு பேர் அளவில் பயணிகள், கரையிறங்க ரப்பர் படகுகள், கூடவே பறவையியலும் நிலவியலும் தெரிந்த வழிகாட்டிகள் என்று அது வகுத்த முறைதான் இன்றுவரை தொடர்கிறது. இன்று இக்கப்பல்கள் அதிகம் செல்லும் இடங்களில் ஒன்று, நார்வேக்கு வடக்கே 74 முதல் 81 டிகிரி அட்சரேகை வரை பரவிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். அதன் தலைமை ஊரான லாங்இயர்பைனில் சுமார் 2,500 பேர் வசிக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பிச் சில மணி நேரம் வடக்கே போனால், பெரும்பாலும் ஆள் குடியிருப்பே இல்லாத கரைகள்தான்.

அத்தகைய கடலுக்குப் போகும் கப்பலின் உடலமைப்பை முதலில் பார்க்கலாம். நீர்மட்டத்தை ஒட்டி, கப்பலைச் சுற்றி ஒரு பட்டையாக, மற்ற இடங்களைவிடத் தடித்த எஃகுத் தகடு ஓடுகிறது. பனி மோதுவது அந்த உயரத்தில்தான். தகட்டுக்குப் பின்னால் அதைத் தாங்கும் விலாச் சட்டங்களும் நெருக்கமாக வைக்கப்படுகின்றன. ஏனென்றால் இரண்டு சட்டங்களுக்கு இடையிலுள்ள தகடுதான் முதலில் உள்வாங்கும். எஃகும் சாதாரண எஃகாக இருக்கக் கூடாது. கடுங்குளிரில் சாதாரண எஃகு வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து, அடி விழுந்தால் விரிசல் விடும். குளிரிலும் நெகிழ்வு குறையாத வகையே வேண்டும். கண்ணில் படாத இன்னொரு இடம், இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் வாய். தேநீர் வடிகட்டியில் தூள் அடைத்துக்கொள்வதுபோல நொறுங்கிய பனி அங்கே சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நீர் நின்றால் இன்ஜின் சூடேறி நிற்கும். அதனால், இன்ஜினைக் குளிர்வித்துச் சூடான நீரின் ஒரு பகுதியையே அந்த வாய்க்குத் திருப்பி அனுப்பிப் பனியை உருக்குகிறார்கள். சுழல்விசிறியும் சுக்கானும் பனிக்கட்டியின் அடியைத் தாங்கும்படி கட்டப்படுகின்றன. பல புதிய கப்பல்களில் நங்கூரம் போடாமலே ஓரிடத்தில் நிற்கும் வசதியும் உண்டு. செயற்கைக்கோள் தரும் இடக்குறிப்பைக் கணினி பார்த்துக்கொண்டே, பக்கவாட்டு விசிறிகளைத் தேவைக்கேற்ப முடுக்குகிறது. கடலின் அடித்தளத்தை நங்கூரம் கிளறுவதில்லை. பனிக்கட்டி மிதந்து வந்தால் உடனே நகரவும் முடிகிறது.

இந்த வலிமையை அளக்க ஒரு தரவரிசை இருக்கிறது. எந்தப் பருவத்திலும் எல்லாத் துருவக் கடலிலும் ஓடக்கூடியது முதல் தரம். ஏழாவது, கோடையிலும் இலையுதிர்காலத்திலும் மெல்லிய ஓராண்டுப் பனியில் ஓடக்கூடியது. புதிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் தரத்தைச் சேர்ந்தவை. அதாவது இவை பனியுடைப்புக் கப்பல்கள் அல்ல. பனியைத் தாங்கக்கூடிய கப்பல்கள். இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் பல நேரம் மங்கவைத்துவிடுகின்றன. நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூடத் தெரியாமல் மிதக்கும் பழைய பனியாற்றுக் கட்டி, அலை அடிக்கும்போது ரேடாரில் சரியாகப் படாது. ஆனால் அதன் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கிறது. கருங்கல்லைப் போன்ற கடினம். முன்னோடியான அதே எக்ஸ்ப்ளோரர், 2007 நவம்பரில் அண்டார்க்டிகா அருகே பனியில் மோதி ஓட்டை விழுந்து மூழ்கிப்போனது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் காத்திருந்து, அருகிலிருந்த இன்னொரு பயணிகள் கப்பலால் காப்பாற்றப்பட்டார்கள். எவ்வளவு தடித்த தகடும் விபத்தே வராது என்று உறுதி சொல்லாது. அப்படியானால் கேட்க வேண்டியது, விபத்து நேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான்.

பயணிகளின் எண்ணிக்கை இங்கேதான் தீர்ப்பெழுதுகிறது. 1989 ஜூனில் ‘மாக்சிம் கோர்க்கி’ என்ற சோவியத் கப்பல், ஸ்வால்பார்டுக்கு அருகே சுமார் 950 பேருடன் பனியில் மோதியது. பயணிகள் உயிர்காப்புப் படகுகளிலும் பனித்திட்டுகளின் மேலும் காத்திருந்தார்கள். நார்வே கடலோரக் காவல் கப்பல் ‘சென்யா’ சில மணி நேரத்தில் வந்துசேர்ந்ததால் அனைவரும் பிழைத்தார்கள். அது எட்டும் தூரத்தில் இருந்தது நல்லகாலம். அதையே ஒரு ஏற்பாடாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019 மார்ச்சில், நார்வேயின் நிலக்கரைக்கு வெகு அருகே புயலில் ‘வைக்கிங் ஸ்கை’ கப்பலின் இன்ஜின்கள் நின்றன. கப்பலில் 1,373 பேர். இரவெல்லாம் ஹெலிகாப்டர்கள் பறந்தும் 479 பேரைத்தான் தூக்க முடிந்தது. மீதிப்பேர் கப்பலோடுதான் துறைமுகம் சேர்ந்தார்கள். சாலையும் மருத்துவமனையும் விமானநிலையமும் பக்கத்திலேயே இருந்த இடத்தின் கணக்கு இது. ஸ்வால்பார்டில் ஆளுநரின் மீட்புப் பணிக்கு இருப்பவை இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள். லாங்இயர்பைன் மருத்துவமனையில் சில படுக்கைகளே உண்டு. நூறு பேரை மீட்பதே அங்கே பெரும்பாடு. ஆயிரம் பேர் என்றால் வானிலையின் கருணையைத்தான் நம்ப வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள துருவக் கடல் விதித்தொகுப்பு, மீட்பு வந்துசேரும் காலத்தைக் குறைந்தது ஐந்து நாள் என்று வைத்து உயிர்காப்புக் கருவிகளையும் உணவையும் ஏற்றச் சொல்கிறது. அந்த ஐந்து நாளுக்கு நூறு பேரைச் சூடாக வைத்திருப்பதும் மூவாயிரம் பேரைச் சூடாக வைத்திருப்பதும் ஒரே வேலை அல்ல.

சிறிய கப்பல்களும்தானே தரைதட்டுகின்றன என்று கேட்கலாம். உண்மைதான். 2010 ஆகஸ்டில் ‘கிளிப்பர் அட்வென்ச்சரர்’ 128 பயணிகளுடன் கனடாவின் கொரோனேஷன் வளைகுடாவில் பாறைத்திட்டில் ஏறி நின்றது. அத்திட்டு இருப்பது 2007இலேயே கண்டறிந்து அறிவிக்கப்பட்டிருந்தது. கப்பலில் இருந்தவர்களிடம் அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை. 2023 செப்டம்பரில் ‘ஓஷன் எக்ஸ்ப்ளோரர்’ வடகிழக்கு கிரீன்லாந்தின் ஆல்ப் ஃபியோர்டில் 206 பேருடன் சேற்றில் சிக்கியது. மூன்று நாள் கழித்து ஒரு மீன்வள ஆய்வுக்கப்பல் வந்து இழுத்துவிட்டது. சிறிய கப்பல் விபத்துக்கு விலக்கானது என்று நான் வாதிடவில்லை. இன்னும் சொன்னால், குறுகிய ஃபியோர்டுகளுக்குள் நுழையும் துணிவு அதற்கு இருப்பதால், அளக்கப்படாத நீருக்குள் போகும் வாய்ப்பும் கூடுதல். பனியாறு பின்வாங்கிய இடத்தில் புதிதாகத் திறக்கும் கடலுக்கு வரைபடமே இருக்காது. ஆனால் இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் உயிர்ச்சேதம் இல்லை. கிடைத்த ஒற்றைக் கப்பலே உதவிக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு எண்ணிக்கைதான் காரணம். எல்லை தெரியாத துணிவுக்கு வேறு மருந்து வேண்டும்: முன்நோக்கிப் பார்க்கும் சோனார், புதுப்பித்த வரைபடம், வேண்டாம் என்று திரும்பத் தயங்காத கேப்டன்.

கரையின் பக்கமிருந்து பார்த்தாலும் முடிவு இதேதான். கப்பலிலிருந்து இறங்கும் ஸோடியாக் ரப்பர் படகில் சுமார் பத்துப் பேர் உட்காரலாம். வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முன்னதாக இறங்கி, துருவக்கரடி இல்லை என்று உறுதிசெய்த பிறகே பயணிகள் வருவார்கள். காலடியில் இருப்பது, உயரமே காட்டாமல் தரையோடு படர்ந்த துருவ வில்லோ. ஒரு மிதி அங்கே பல ஆண்டு நிற்கும். ஸ்வால்பார்டில் 1946க்கு முந்தைய மனிதச் சுவடு எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பழைய திமிங்கில வேட்டைக்காரர்கள் விட்டுப்போன துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. அங்குள்ள நீ-ஓலசுன் ஆய்வூரில் வானொலி அலைகளைப் பிடிக்கும் நுண்கருவிகள் இருப்பதால், கைபேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும். இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 முதல் இயங்குவது அந்த ஊரில்தான். 2014இல் அதன் எதிரேயுள்ள காங்ஸ் ஃபியோர்டில் நீருக்கடியில் நிறுத்தப்பட்ட ‘இண்ட்ஆர்க்’ கருவித் தொகுதி, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. இப்படிப்பட்ட கரையில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேரை இறக்குவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. நார்வே அரசும் இந்த முடிவுக்கே வந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது; அப்பகுதிகளில் 43 இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம். துருவக்கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர்.

இனி வலுவான ஆட்சேபம். தலைக்கு எவ்வளவு எண்ணெய் என்று கணக்கிட்டால் சிறிய கப்பல் தோற்றுவிடும். நூறு பேருக்காக ஒரு கனத்த உடலை ஓட்ட வேண்டியிருக்கிறது. அங்கே போய்ச் சேர விமானப் பயணம் வேறு. ஆர்க்டிக்கோ 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறிவருகிறது. இதற்கு நேரான பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் நேர்மையல்ல. கலப்பு மின்கலமும் தூய எரிபொருளும் கொஞ்சம் குறைக்கும், தீர்க்காது. ஸ்வால்பார்டு கடற்பகுதி முழுவதும் 2022 முதல் கனரக எண்ணெய் தடைசெய்யப்பட்டது பெரிய நன்மை. குளிர்ந்த நீரில் கொட்டினால் சிதையாமல் நீண்டகாலம் கிடக்கும் பொருள் அது. ஆனால் அத்தடை கடலைக் காக்கும், கரியமில வாயுவைக் குறைக்காது. நேரில் பார்த்தவர்கள் ஊர் திரும்பி ஆர்க்டிக்குக்காகப் பேசுவார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதும் பலவீனமான சமாதானம். பேசுவதற்குப் பார்த்திருக்க வேண்டியதில்லை. மொத்தக் கரியமில வாயுவைக் குறைக்க ஒரே வழி, போகிறவர்கள் தொகையைக் குறைப்பது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் சிறு கப்பல் விதி அந்தத் திசையில் ஒரு படியாவது எடுத்துவைக்கிறது. தலைக்கணக்கை மட்டும் பார்த்துப் பெரிய கப்பலை அனுமதித்தால், அது மொத்தத்தைக் கூட்டத்தான் செய்யும்.

ஆகவே இப்பயணத்துக்குச் சீட்டு வாங்க நினைப்பவர், அறையின் அகலத்தையும் சாப்பாட்டுப் பட்டியலையும் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கப்பலின் பனித்தரம் என்ன? மொத்தப் பயணிகள் எத்தனை பேர்? என்ன எண்ணெயில் ஓடுகிறது? பனி மிகுந்தால் திட்டமிட்ட வழியை விட்டுவிட்டுத் திரும்ப கேப்டனுக்கு முழு உரிமை உண்டா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத நிறுவனத்தோடு பனிக்கடலுக்குப் போகாதீர்கள்.