மின்கட்டணம் ஏன் உயர்ந்தது? மீட்டரே விடை கூறும்

நம் நாட்டில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது 1894ஆம் ஆண்டில், சிலாங்கூரின் ராவாங் பட்டணத்தில் என்பர். அங்கே ஈயச் சுரங்கம் நடத்திய லோக் இயூவும் தமிழரான தம்புசாமிப் பிள்ளையும் சுரங்க வேலைக்கு மின் இயந்திரத்தை அமைத்தனர். ஆயினும் தோட்டத்து லயங்களுக்கு மின்னொளி வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வந்த பின்னரும், பல தோட்டங்களில் நிர்வாகத்தின் இயந்திரம் மாலையில் ஓடும், இரவில் நின்றுவிடும். மீட்டரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய தேவை அன்று இல்லை.

இன்று நிலை வேறு. தோட்டத்தில் உள்ள வீடாயினும், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நம் பிள்ளைகள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடாயினும், மாதந்தோறும் மின்கட்டணச் சீட்டு வருகின்றது. சில வேளைகளில் அதிலுள்ள தொகை காரணம் தெரியாமல் உயர்ந்துவிடுகின்றது. “மீட்டர் கெட்டுவிட்டது” என்பார் ஒருவர். “அடுத்த வீட்டார் நம் கம்பியில் மின்சாரம் எடுக்கின்றார்” என்பார் மற்றொருவர். ஐயத்தால் அண்டை அயலாரின் உறவு கெடுமேயன்றிக் கட்டணம் குறையாது.

பால் நிறுக்கும் இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கின்றோம்? எடையைக் கண்ணால் பார்க்கின்றோம். கிராணி எழுதுவதையும் கவனிக்கின்றோம். மாத இறுதியில் சம்பளக் கணக்கோடு ஒப்பிடுகின்றோம். அதே வழக்கத்தை மின்சாரத்திலும் கைக்கொண்டால் காரணம் தானே வெளிப்படும்.

சீட்டைப் படியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது தொகையை அன்று. அளவெடுத்த முறையையும் நாள்களின் எண்ணிக்கையையுமே பார்க்க வேண்டும். சீட்டில் ‘செபெனார்’ என்றிருந்தால் மீட்டரைப் பார்த்து எடுத்த உண்மையான அளவு. ‘அங்காரான்’ என்றிருந்தால் அது மதிப்பீடு மட்டுமே. மதிப்பீடு குறைவாக இருந்திருப்பின், விடுபட்ட யூனிட்டுகள் அனைத்தும் அடுத்த உண்மையான அளவில் சேர்ந்து வரும்.

2020ஆம் ஆண்டில் நாடெங்கும் நிகழ்ந்தது இதுவே. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், மீட்டர் பார்ப்போர் வீடுகளுக்குச் செல்ல இயலவில்லை. மே மாத நடுவில் அப்பணி மீண்டும் தொடங்கியபோது, பல வாரங்களின் பயன்பாடு ஒரே சீட்டில் வந்தது. குடும்பத்தார் அனைவரும் பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்ததால் பயன்பாடும் கூடியிருந்தது. மக்களிடமிருந்து முறையீடுகள் பெருகவே, அரசாங்கம் மின்கட்டண உதவியை விரிவுபடுத்தியது.

ஆகவே, சீட்டிலுள்ள யூனிட்டுகளை நாள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 30 நாளில் 240 யூனிட் என்றால் நாளொன்றுக்கு 8 யூனிட். சென்ற மாதமும் அதே 8 யூனிட் என்றால் வீட்டில் புதிதாக ஒன்றும் நிகழவில்லை, நாள்கள்தாம் கூடியுள்ளன.

யூனிட்டைவிடக் கட்டணம் வேகமாக உயர்வதும் உண்டு. 2020ஆம் ஆண்டில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 21.8 காசு, 300ஐத் தாண்டிய யூனிட்டுக்கோ 51.6 காசு. 2025ஆம் ஆண்டு சூலை முதல் நாள் கட்டண முறை மாற்றப்பட்டது. அப்புதிய முறையிலும், மாதம் 1,000 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு வழங்கப்படும் சிக்கன ஊக்கத் தள்ளுபடி, பயன்பாடு குறைவாக உள்ள வீட்டுக்கே யூனிட் ஒன்றுக்கு மிகுதியாகக் கிடைக்கும். யூனிட் கூடக் கூடத் தள்ளுபடி விகிதம் சுருங்கும்.

மின்சாரத்தை மிகுதியாக உண்பது எது?

ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். கருவியின் வாட் அளவை அதன் பின்புறத்திலோ அடியிலோ காணலாம்.

75 வாட் காற்றாடி எட்டு மணி நேரம் சுழன்றால் 0.6 யூனிட் செலவாகும். 3,600 வாட் வெந்நீர்க் கருவியோ பத்தே நிமிடத்தில் அதே 0.6 யூனிட்டை எடுத்துக்கொள்ளும். ஐவர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் நாளும் பத்து நிமிடம் வெந்நீரில் குளித்தால், நாளுக்கு 3 யூனிட். மாதத்துக்கு 90 யூனிட். இரவு முழுவதும் சுழலும் காற்றாடியைக் குறை கூறுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஐஸ் பெட்டியையும் கவனியுங்கள். அதன் கதவில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தாள் தடையின்றி வந்துவிட்டால் கதவின் ரப்பர்ப் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். குளிர் வெளியேற வெளியேறப் பெட்டி ஓயாமல் ஓடும். தண்ணீர்ப் பம்பு வைத்திருப்போர், குழாயில் ஒழுக்கு உண்டா எனப் பார்க்க வேண்டும். ஒழுக்கு இருப்பின் அனைவரும் உறங்கும் வேளையிலும் பம்பு இயங்கும்.

சோதிக்கும் முறை

விடுமுறை நாள் ஒன்றில் காலையில் இதைச் செய்யலாம். வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள்; ஐஸ் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். விளக்குகளையும் காற்றாடிகளையும் நிறுத்திவிடுங்கள். பின்னர் மீட்டரைப் பாருங்கள். பழைய மீட்டரில் தட்டுச் சுழலும். புதிய மீட்டரில் சிறு விளக்குச் சிமிட்டும். தட்டு அசையாமலும் விளக்குச் சிமிட்டாமலும் இருந்தால் கம்பிகளில் குற்றமில்லை. அதன் பின் கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கினால், மீட்டரை விரைந்து ஓட்டும் கருவி எதுவென்று தெரிந்துவிடும்.

எல்லாம் நின்ற பின்னும் மீட்டர் ஓடினால், மின்பெட்டியிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியவுடன் மீட்டர் நிற்கின்றதோ, அந்தப் பகுதிக் கம்பியில்தான் கோளாறு உள்ளது. தலைமைச் சுவிட்சையே இறக்கிய பின்னும் மீட்டர் ஓடினால் தெனாகா நேஷனல் அலுவலகத்தில் தெரிவித்து, மீட்டரைச் சோதிக்குமாறு கேளுங்கள். மீட்டரின் முத்திரையை நாமே உடைத்தல் சட்டப்படி குற்றமாகும்.

கசிவு உயிரையும் பறிக்கும்

காரணம் தெரியாத உயர்வுகளுள் நாம் அஞ்ச வேண்டியது ஒன்றே. அது மின்கசிவு. எலி கடித்த கம்பி, ஈரம் இறங்கிய சுவர், பழுதுற்ற வெந்நீர்க் கருவி ஆகியவற்றின் வழியே மின்சாரம் நிலத்துக்குள் ஒழுகும். ஓர் ஆம்பியர் அளவு இடைவிடாது கசிந்தால், நாளுக்கு ஐந்தரை யூனிட். மாதத்துக்கு 165 யூனிட் வீணாகும். பண நட்டம் போகட்டும்; அந்தச் சுவரையோ கருவியையோ ஈரக் கையால் தொடும் குழந்தையின் உயிருக்கு யார் பொறுப்பு? ஓர் ஆம்பியரில் முப்பதில் ஒரு பங்கு மின்சாரம் உடலில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

இதனைத் தடுப்பதற்கே மின்பெட்டியில் ‘இ.எல்.சி.பி.’ எனும் கசிவுத் தடுப்புச் சாதனம் பொருத்தப்படுகின்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நின்றால் சாதனம் நல்ல நிலையில் உள்ளது. நிற்காவிடில், அல்லது அத்தகைய சாதனமே இல்லாவிடில், உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். சாதனம் அடிக்கடி விழுகின்றதே என்று சலித்து, அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கம்பி இணைப்போரும் உளர். இது காவல் நாய் குரைக்கின்றது என்று அதனை அடித்துத் துரத்துவது போன்றதாகும். தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான வீடாயின், நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு குறிப்பேட்டை மீட்டருக்கு அருகில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணை அதில் எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைத்தால் அவர்களுக்குக் கணக்குப் பயிற்சியும் ஆகும். மாத இறுதியில் சீட்டு வந்ததும் ஏட்டையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏட்டிலுள்ள எண்களைக் காட்டி அலுவலகத்தில் பேசுவோரின் முறையீடு எளிதில் தள்ளப்படுவதில்லை.